1894ஆம் ஆண்டு பல்கேரிய 5 லெவா வெள்ளி நாணயம் போலியாக இருப்பது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

‘அசல் என உத்தரவாதம்’ என்ற சான்றுடன் தங்கள் நிறுவனம் எனக்கு விற்ற, பல்கேரிய ஆட்சியாளர் முதலாம் பெர்டினாண்டின் உருவம் பொறித்த 1894ஆம் ஆண்டு 5 லெவா நாணயம் போலியானது. இதை மின்னஞ்சலில் தெரிவித்தபோது, நூறாண்டுத் தேய்மானத்தால் எடை குறைந்திருக்கும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதை என்னால் ஏற்க இயலாது.

நாணயங்களின் எடையையும் தரத்தையும் ஒன்றுபோல் வைத்துக்கொள்ள பிரான்சு உள்ளிட்ட சில ஐரோப்பிய நாடுகள் அமைத்த இலத்தீன் நாணய ஒன்றியத்தில் பல்கேரியா உறுப்பினராகச் சேராவிட்டாலும் அதன் அளவுகளையே பின்பற்றியதால், 5 லெவா நாணயம் பிரான்சின் 5 பிராங்க் நாணயத்தைப் போலவே 900 தர (90 விழுக்காடு தூய) வெள்ளியில், 25 கிராம் எடையில் அச்சிடப்பட்டது. தாங்கள் அனுப்பியதோ 22.3 கிராம்தான் நிற்கிறது. தேய்ந்து இவ்வளவு எடை போயிருந்தால் முகம் வழுவழுத்திருக்க வேண்டும். இதில் தாடி இழைகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால், எழுத்துகளுக்கு இடைப்பட்ட சமதளமெங்கும் வார்ப்பில் காற்றுக்குமிழி விட்டுச்சென்ற நுண்குழிகள் காணப்படுகின்றன. அச்சில் அடித்த நாணயத்தில் இவை இருக்க வாய்ப்பில்லை.

எடையைக்கூட விட்டுவிடலாம், விளிம்பை விட முடியாது. அசல் நாணயத்தின் விளிம்பில் ‘கடவுளே, பல்கேரியாவைக் காப்பாயாக’ என்னும் வாசகம் சிரிலிக் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 2026 ஜனவரி 1 முதல் அந்நாடு வெளியிடும் 2 யூரோ நாணயத்தின் விளிம்பிலும் அதே வாசகம்தான் உள்ளது. எனக்கு வந்ததில் வெறும் வரிப்பள்ளங்களே இருக்கின்றன.

தங்கள் விற்பனைக் குறிப்பு இதனை ‘மன்னர் பெர்டினாண்ட் வெளியிட்ட பல்கேரியாவின் முதல் வெள்ளி நாணயம்’ என்கிறது. முதல் வெள்ளி நாணயங்கள் இளவரசர் அலெக்சாண்டர் காலத்தில், 1882இல் வந்தவை; பெர்டினாண்டும் 1908இல் விடுதலையை அறிவிக்கும்வரை இளவரசரே. குறிப்பு எழுதியவர் நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாரா என்பதே ஐயமாக இருக்கிறது.

ஆகவே, நாணயத்தைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு, அஞ்சல் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இதே ஒளிப்படத்துடன் இன்னும் விற்பனையில் இருக்கும் மற்ற 5 லெவா நாணயங்களையும் உடனே நிறுத்திவைக்க வேண்டும். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இணைப்பு: விலைப்பட்டியல், உத்தரவாதச் சான்றின் நகல், எடை மற்றும் விளிம்பின் ஒளிப்படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்