இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், வருகைப் பதிவும் முன்னைவிட மேல். காலை உணவு நேரத்துக்குப் பிந்தி அனுப்புகிறவர்கள் கொஞ்சம் முன்னதாக அனுப்பினால் நலம்.

இனி மூன்றாம் வகுப்புக்கு வருகிறேன். அங்கே ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவன் படிப்பது உங்களுக்குத் தெரியும். அவன் அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நம் பள்ளி மணி ஒரு தண்டவாளத் துண்டு. ஜூன் மாதத்தில் அதை அடித்தாலே அவன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். வகுப்பாசிரியை அவனை வெளியே இழுக்கவில்லை. ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவன் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குவான். அவரும் தன் பங்குக்கு ஒரு வரிசை அடுக்குவார். பேச்சு இல்லை, ‘என்னைப் பார்’ என்ற அதட்டல் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் காட்டிய வழி இது. எனக்கே முதலில் நம்பிக்கை இல்லை. மூன்றாவது வாரம் அவன் ஒரு கொட்டையை ஆசிரியை பக்கம் தள்ளிவிட்டான். அதை அவர் என் மேசைமேல் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். அதே கொட்டைகளை வைத்து இப்போது ஐம்பதுவரை எண்ணுகிறான், கழித்தல் போடுகிறான். மணி அடிப்பதற்கு முன் ஒரு படத்தைக் காட்டிவிடுகிறோம். காதைப் பொத்துகிறான், இடத்தைவிட்டு எழுவதில்லை.

சென்ற மாதம் பள்ளி விடும் நேரத்தில், வாசலில் ஹாரன் சத்தம் தாங்காமல் அவன் தரையில் விழுந்து அலறினான். சுற்றி நின்றவர்களில் ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்தார். அது வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதன் கீழே எழுதப்பட்டவற்றை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அடுத்த எட்டு நாள் அவன் வாசல் வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஆசிரியை மரத்தடியில் பாய் விரித்து, மறுபடி முதல் கொட்டையிலிருந்து தொடங்கினார்.

அந்தக் காணொளி யாரிடம் இருந்தாலும் இன்றே அழித்துவிடுங்கள். வளாகத்திலோ வாசலிலோ எந்தப் பிள்ளையையும் இனிப் படம் எடுக்கக் கூடாது. அவனை வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்லி ஒரு மனுவும் கையெழுத்துகளோடு வந்திருக்கிறது. அது நடக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். அதைக் காரணம் காட்டிப் பிள்ளையை வெளியே அனுப்ப எனக்கு உரிமை இல்லை. உரிமை இருந்தாலும் செய்ய மாட்டேன்.

‘எங்கள் பிள்ளை படிப்பு கெடுமோ’ என்று நேரில் வந்து கேட்டவர்கள்மேல் வருத்தம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆசிரியை அவனோடு உட்காரும் அரைமணி நேரம் மற்றவர்களுக்கு நான் வாய்ப்பாடு எடுக்கிறேன். நோட்டைப் பாருங்கள், குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

யாரும் கேட்காமலே ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்து பிள்ளைகளை அழைத்துப்போகும் அப்பாக்களுக்கு என் நன்றி. புளியங்கொட்டை தீர்ந்துவருகிறது. வீட்டில் இருந்தால் ஒரு கைப்பிடி கொடுத்தனுப்புங்கள், கழுவிக் காயவைத்ததாக.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்