மிச்சத் துணியில் மூன்று குவில்ட் மேல்பக்கம்

வணக்கம். இந்த மாதம் புதுத் துணி வாங்க வேண்டாம். குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை, அதன் மேல்பக்கத்துக்கு பீரோவில் கிடக்கும் பிளவுஸ் பிட்டுகளே போதும்.

5 அங்குலச் சதுரம், தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம். குறுக்கே 10, நெடுக்கே 12 வைத்தால் தைத்து முடித்த அளவு 45க்கு 54 அங்குலம். ஒன்றுக்கு 120 சதுரம், மூன்றுக்கு 360. 80 செ.மீ. பிட்டில் சுமார் 40 தேறும். ஆக 9 பிட், கைப்பிழைக்கு இன்னொன்று.

பருத்தி மட்டும். பாலியஸ்டர் கலந்தது இஸ்திரிக்குப் படியாது. வெட்டுவதற்கு முன்பே அலசிவிடுங்கள். மெரூன், கருநீலம் தனித்தனி வாளியில். மூன்றாம் தண்ணீரிலும் சாயம் இறங்கினால் அந்தப் பிட்டைக் கைத்துணியாக்குங்கள், வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பலரும் சறுக்குவது தையல் அளவில்தான். மெஷின் பாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள். ஊசியிலிருந்து சரியாக 2 நூல் (கால் அங்குலம்) அளந்து, தட்டில் டேப் ஒட்டி, துணியோரத்தை அதில் உரசியபடி ஓட்டுங்கள். அரை நூல் கூடினாலும் ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் சேர்ந்து ஒரு நூல் போகும். 10 சதுர வரிசையில் 9 இணைப்பு. வரிசையே ஓர் அங்குலத்துக்கு மேல் குறுகிவிடும். முதலில் நான்கு சதுரத்தை இரண்டுக்கு இரண்டாக இணைத்து அளந்து பாருங்கள்: ஒவ்வொரு பக்கமும் ஒன்பதரை அங்குலம் இருக்க வேண்டும்.

சதுர ஜோடிகளை நூல் அறுக்காமல் அடுத்தடுத்து ஓட்டினால் நேரமும் நூலும் மிச்சம். ஒற்றைப்படை வரிசைகளின் தையலை வலப்புறமும் இரட்டைப்படையை இடப்புறமும் மடித்து இஸ்திரி போடுங்கள், மூலைகள் ஒன்றுக்கொன்று பூட்டிக்கொள்ளும். பெட்டியை இழுக்காமல் வைத்து எடுங்கள்.