மறைஞானப் படிப்பு வட்டம், உதகை: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மறைபொருளான ஞானம் பேசும் நூல்களைச் சேர்ந்து படிக்க மாதம் ஒரு கூட்டம் என்ற நம் திட்டத்தில் இரண்டு மழையில் போயின. ஜூலையில் குன்னூர் சாலையில் மரம் விழுந்து, கீழிருந்து வருகிற யாரும் வர முடியவில்லை. மற்றவை நடந்தன. பத்துப் பேர் வருவோம். வர்க்கி உண்டு என்று முன்கூட்டியே சொன்ன நாட்களில் சற்றுக் கூடுதல்.

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டு கூட்டத்தில் கரண்ட் போய், மெழுகுவர்த்தி வைத்து வாசித்துக்கொண்டிருந்தோம். மறுவாரம் ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்து, முந்தானையில் முடிந்திருந்த 200 ரூபாயை மேசைமேல் வைத்தார். "மக சங்கிலி காணோம் சார். மை போட்டுப் பார்த்துச் சொல்லுங்க." அதெல்லாம் செய்வதில்லை அம்மா, புத்தகம்தான் படிக்கிறோம் என்றேன். "சரி, புத்தகத்தைப் பார்த்தே சொல்லுங்க." டீ கொடுத்து, பணத்தையும் கையில் கொடுத்து அனுப்பினேன். அதற்குள் பேச்சு பரவி, அறையை வாடகைக்குத் தந்தவர் "இங்கே சூனியம் நடக்குதாமே" என்று சாவியை வாங்கிக்கொண்டார். செப்டம்பரிலிருந்து பொருளாளர் வீட்டு முன்னறையில்தான் கூடுகிறோம்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்த மலையில் அது சிரிக்கிற சொல் அல்ல. சூனியம் வைத்தார்கள் என்ற பழியிலேயே 19-ஆம் நூற்றாண்டில் இங்குள்ள பழங்குடிகளான குறும்பர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். பிரம்மஞான சபையை (தியசாபிகல் சொசைட்டி) நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1883-இல் உதகையில் வந்து தங்கினார். இம்மலையின் இன்னொரு பழங்குடியான தோடர்கள் நல்ல மந்திரம் தெரிந்தவர்கள், குறும்பர்கள் தீய மந்திரக்காரர்கள் என்று பிற்பாடு எழுதியும் வைத்தார். அண்டத் தோற்றம் பற்றி அவர் 1888-இல் வெளியிட்ட நூலை இந்த ஆண்டு நான்கு கூட்டங்களில் படித்தோம். அண்டம் ஒரே தடவை தோன்றி முடிவதில்லை, ஒடுங்கிக் கிடந்து மீண்டும் விரிகிறது என்கிறார். ஊழி, பிரளயம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதல்ல. குறும்பர் விஷயத்தில் மட்டும், ஊர்ப்பழியை ஞானம் என்று நம்பிவிட்டார் என்பது என் கருத்து. மூத்த உறுப்பினர்கள் இருவர் இதை ஒப்பவில்லை. அவர்கள் மறுப்பும் குறிப்பேட்டில் இருக்கிறது.

அக்டோபரில் புத்தகத்தை மூடிவிட்டு, அண்டம் எப்படி வந்தது என்று அவரவர் நம்புவதைச் சொல்லச் சொன்னோம். 'சொல்லப்படுகிறது' கூடாது, 'நான் நினைக்கிறேன்' என்றுதான் தொடங்க வேண்டும். பாதிப் பேருக்கு அந்த ஒரு சொல்லே தொண்டையில் சிக்கியது. தமிழாசிரியர் ஒருவர் பரிபாடலைப் பிடித்துக்கொண்டார்: முதலில் வானம், அப்புறம் காற்று, தீ, மழை, நிலம். "அது பரிபாடல் நினைப்பது, நீங்கள்?" என்று கேட்டதும் வெகுநேரம் பேசவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் மட்டும் தயங்கவில்லை. "இலையை வாட்டி, நசுக்கி, காற்றாட விட்டால் அதுவே சிவக்குது. யாரும் சாயம் பூசலை. அண்டமும் அப்படித்தான்னு நினைக்கிறேன்." இலையைப் பறித்து வந்தது யார் என்று ஒருவர் கேட்க, அன்று வீடு திரும்ப ஒன்பது மணியாயிற்று. தோடர் கதையும் வந்தது: ஓன் என்ற தெய்வம் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வரவழைத்தபோது, கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் மனிதன் வந்தானாம். எருமைக்குப் பின்னால் மனிதன் என்ற அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரியில், விரல் மரத்துப்போகிற பனியில், முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்து வந்தோம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970 முதல் வேலை செய்கிறது. உதகையின் அட்சரேகை அளவுக்கே, ஏறத்தாழ 11 பாகை, சாய்ந்த மலைச்சரிவாகத் தேடிப் பிடித்துக் கட்டியதால், அதன் நீளவாட்டு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். ரேடியோ அலைகளை வீசும் தொலைதூர விண்பொருட்களை நிலா மறைக்கிற நேரத்தைக் கொண்டு அவற்றின் அளவைக் கணித்தார்கள். 1975-இல் வெளியான அந்த முடிவுகள், அண்டம் என்றும் ஒரே மாதிரி இல்லை, மாறிவந்திருக்கிறது என்ற கட்சிக்கு வலு சேர்த்தன. இம்முறைக்கு வானியலில் 'மறைப்பு' என்றே பெயர். "அப்போ இவங்களும் நம்ம ஆளுங்கதான்" என்றார் பொருளாளர்.

கணக்கை அவரே வாசிப்பார். பழைய அறையின் முன்பணம் இன்னும் திரும்பவில்லை. வட்டத்தின் பெயரிலிருந்து 'மறைஞானம்' என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்பது இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. நான் வேண்டாம் என்றே கை தூக்குவேன்.

அந்த அம்மா பொங்கல் கழிந்து மறுபடி வந்தார். சங்கிலி அரிசி டப்பாவுக்குள் கிடைத்துவிட்டதாம். நாங்கள் எதுவும் செய்யவில்லை என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். பிப்ரவரி கூட்டத்தில் பகிர்ந்து சாப்பிட்டோம்.

செயலாளர்