மழையை நிறுத்துங்கள், தம்பி

அன்புள்ள இயக்குநர் தம்பிக்கு,

உங்கள் மௌனப்படத்தைப் பார்த்துவிட்டேன். வந்த கடிதத்தைப் பிரிக்கத் தயங்கும் அந்தப் பெண்ணின் முகத்தைவிட்டு கேமரா நகர மறுக்கிறதே, அந்த இடம் பிரமாதம். பேச்சில்லாமல் கதை சொல்ல உங்களுக்கு வருகிறது.

ஆனால் படம் முழுக்க மழை பெய்கிறது. கம்ப்யூட்டரில் சேர்த்த கீறல், தூசி, ஆட்டம். 1920களில் தியேட்டரில் உட்கார்ந்தவர்கள் இதையா பார்த்தார்கள்? புது பிரின்ட் பளிச்சென்றுதான் இருந்தது. கீறல்கள், அந்த பிரின்ட் ஓடித் தேய்ந்ததால் வந்தவை. நீங்கள் அந்தக் காலத்துப் படத்தை விட்டுவிட்டு, அது பட்ட காயத்தை நகலெடுத்திருக்கிறீர்கள்.

வேகமும் அப்படித்தான். அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 ஃப்ரேமும் உண்டு, 20க்கு மேலும் உண்டு. பேசும்படம் வந்து 24 என்று நிலைத்தபின், பழைய படங்களையும் அதே வேகத்தில் ஓட்டியதால்தான் பலவற்றில் எல்லோரும் துள்ளுகிறார்கள். சிரிப்புப் படங்களில் கேமராவை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் வேகமாக ஓடவிட்டார்கள், அது வேறு கணக்கு. உங்கள் படத்தில் வரும் சவ ஊர்வலம் எதற்கு ஓட வேண்டும்?

பழைய தோற்றம் வேண்டுமென்றால் நிறத்தில் கை வையுங்கள். அன்று பெரும்பாலும் இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவந்த உதடு கறுப்பாகும், நீல வானம் வெளுக்கும். நீங்கள் கலரில் எடுத்திருப்பதால், கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பை இறக்கி நீலத்தை ஏற்றிப் பாருங்கள். முகங்களும் கறுக்கும், பார்த்துச் செய்யுங்கள். அப்புறம், எல்லாமே கறுப்பு வெள்ளை என்பதும் பாதி உண்மைதான். இரவுக் காட்சிக்கு நீலம், நெருப்புக்குச் சிவப்பு என்று ஃபிலிமையே சாயத்தில் முக்கியெடுப்பார்கள்.

எனக்குப் பெரிய சண்டை, காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளோடுதான். அவள் அழுகிறாள். உடனே 'அவள் மனம் உடைந்தாள்' என்று ஒரு அட்டை. அதைத்தான் பார்த்தோமே! ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் 1924ல் எடுத்த 'தி லாஸ்ட் லாஃப்' படத்தில், முடிவுக்குச் சற்றுமுன் வரும் ஒரே ஒரு விளக்க அட்டையைத் தவிர வேறில்லை. அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. பெயர், காலம், முகத்தால் சொல்ல முடியாத ஒரு வாக்கியம், இவற்றுக்கு அட்டை வேண்டும்தான். வசனமென்றால் நடிகர் வாய் திறந்ததும் அட்டைக்கு வெட்டுங்கள், பேசி முடிக்கும் இடத்துக்குத் திரும்புங்கள். முழுதும் பேசவிட்டு அப்புறம் அட்டை போட்டால், ஒரே பேச்சை இரண்டு முறை காட்டியதாகிவிடும்.

இசை நன்றாக இருக்கிறது. ஓயாமல் இருக்கிறது, அதுதான் குறை. அவள் கடிதத்தைப் படிக்கும்போதாவது நிறுத்துங்கள்.

சரி, ஒரு வேலை செய்யுங்கள். எல்லா அட்டைகளையும் எடுத்துவிட்டு, கதை தெரியாத ஒருவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். அவர் எங்கே 'என்ன ஆச்சு?' என்று கேட்கிறாரோ, அங்கே மட்டும் ஒன்றைத் திரும்ப வையுங்கள். அந்த வடிவத்தை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் படத்துக்காகக் காத்திருக்கும் ஒரு ரசிகன்