எடின்பரோவில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நண்பன் கல்யாணத்தில் கில்ட் என்ற ஸ்காட்லாந்துப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நீ எடுத்த படம் வந்தது. உனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே "ஆயிரம் வருஷப் பாரம்பரியம்" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

நீ கட்டியிருக்கும் குட்டைக் கில்ட் பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்கு. அதுவும் ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கும் மலைநாட்டார் உடை. எடின்பரோக்காரர்கள் அவர்களை மாடு திருடுபவர்கள் என்று இளக்காரமாகப் பார்த்த காலம் அது. 1746-ல் கலோடன் போரில் மலைநாட்டார் படை பிரிட்டிஷ் அரசுப் படையிடம் தோற்றதும் அந்த உடைக்கே தடை வந்தது, 1782-ல்தான் நீங்கியது. 1822-ல் பிரிட்டிஷ் ராஜா நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்புப் பொறுப்பு எழுத்தாளர் வால்டர் ஸ்காட் கையில். ஊரையே டார்ட்டன் என்ற கட்டம்போட்ட துணியில் முக்கியெடுத்துவிட்டார் மனுஷன். ராஜாவும் இளஞ்சிவப்புக் காலுறைமேல் கில்ட் கட்டி நின்றார். கலோடனில் மலைநாட்டாரை வெட்டிச் சாய்த்த படையின் தளபதி, இந்த ராஜாவுடைய தாத்தாவின் தம்பி!

அதற்காக ஸ்காட்லாந்துக்காரர்கள் அடையாளமே வேஷம் என்று நினைத்துவிடாதே. 1707-ல் நாடாளுமன்றத்தை மூடிவிட்டு இங்கிலாந்தோடு சேர்ந்தபோதும் சட்டம், திருச்சபை, கல்வி மூன்றையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எழும்பூரில் 1821-ல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் என்ற தேவாலயம், மதராஸிலும் தங்கள் சபை தனி என்று அவர்கள் கட்டிக்கொண்டதுதான். பேரரசில் உத்தியோகமும் காசும் கிடைத்தவரை, ஸ்காட்டிஷாகவும் பிரிட்டிஷாகவும் ஒருசேர இருப்பதில் பெரும்பாலானோருக்குச் சங்கடமே இல்லை.

ஆக, உணர்வு பழசு. அதற்கென்று ஓர் அரசு வேண்டும் என்று கேட்டதுதான் புதுசு. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 1934-லேயே வந்துவிட்டது. ஆனால் 1967-ல் ஹாமில்டன் இடைத்தேர்தலில் அந்தக் கட்சியின் வின்னி யூவிங் ஜெயித்த பிறகுதான் லண்டன் அதைப் பொருட்படுத்தியது.

1979 பொதுவாக்கெடுப்பை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த சட்டமன்றம் வேண்டும் என்று 51.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். இருந்தும் தோல்வி! பதிவான வாக்கில் பாதியைத் தாண்டினால் போதாது, வாக்குரிமை உள்ள மொத்தப் பேரில் 40 சதவீதம் 'ஆம்' என்று சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். வீட்டில் படுத்துத் தூங்கியவரும் 'வேண்டாம்' பக்கம் நின்றதாகவே ஆனது.  அதே ஆண்டு கன்சர்வேட்டிவ் கட்சியின் தாட்சர் பிரிட்டிஷ் பிரதமராக ஆட்சிக்கு வந்தார். ஆலைகள் மூடின. ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரி 1989-ல் ஸ்காட்லாந்தில் வந்தது, இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முன்பே. நாம் ஓட்டுப் போடாத கட்சி நம்மை ஆள்கிறதே என்ற ஸ்காட்லாந்துக்காரர்களின் எரிச்சல் டார்ட்டனைவிட ஆழமாக வேலை செய்தது என்பது என் எண்ணம். 1997-ல் மறுபடி கேட்டபோது 74.3 சதவீதம் 'ஆம்'. 1999-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. முதல் நாள் தலைமை நாற்காலியில் மூத்த உறுப்பினராக அதே வின்னி யூவிங்.

2014-ல் தனிநாடு கேள்விக்கு 55 சதவீதம் 'வேண்டாம்' என்றது உனக்கே தெரியும். அன்று யாருக்கு வாக்குரிமை இருந்தது என்று பார். லண்டனில் குடியிருந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு இல்லை. கிளாஸ்கோவில் முறையான விசாவோடு குடியிருந்த இந்தியருக்கு இருந்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் உனக்கும் ஓட்டு உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டாயா, இல்லையா?

அன்புடன்,
அண்ணன்