சின்னத் தளம் என்றால் விதி இல்லையா?

எங்கள் வட்டாரத்தில் பழைய தரைவீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். மழை பெய்தால் போதும், வடிகாலில் தே தாரிக் பால்தேநீர் நிறத்தில் சேறு ஓடுகிறது. ஒரு கட்டுமானத் தளத்தில் மண்தடுப்புத் துணிவேலியின் அடிப்பகுதி மண்ணில் புதைக்கப்படாமல் காற்றில் ஆடுகிறது; குவித்த மண்மீது தார்ப்பாய்கூட இல்லை. வேலி இருந்து என்ன பயன்?

வடிகாலில் விடும் நீரில் கலந்திருக்கும் துகள்கள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. சிங்கப்பூர்த் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிகாலில் இறங்கும் சேறு பெரும்பாலும் நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்கே போகிறது. வீடு கட்டுபவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே திறந்த மண்ணை மூடட்டும். நீர்வளத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழக அதிகாரிகள் சிறிய தளங்களையும், அதுவும் மழை கொட்டும்போதே, நேரில் வந்து சோதிக்க வேண்டும்.

வாசகர், சிராங்கூன்