எங்கள் ஹெரால்டை மறுபடியும் மலையேற்றியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழேகால் மணி இருக்கும். எங்கள் பழைய ஹெரால்டு கார் ஏற்காட்டுச் சாலையின் இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியது. பக்கத்து சீட்டில் அம்மா. 2003-க்குப் பிறகு அந்த வண்டி அந்த மலையை ஏறியது அன்றைக்குத்தான். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் நிறுத்தியதும் டீ குடிக்க வந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "யாருங்க ரெடி பண்ணினது?" என்று ஒருவர் கேட்டார். "நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை அன்று முழுக்க மனதை உறுத்தியது. யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதை ஊரறிய எழுதி வைக்கத்தான் இந்த மடல். பெயர் வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

வண்டியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் இங்கிலாந்தில் வந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதைச் சென்னையில் தயாரித்தது. எங்களுடையது 1964-ஆம் வருடத்து இரண்டு கதவு வண்டி. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயே என்று உறவுக்காரர்கள் கேட்பதுண்டு. ட்ரையம்ப் 1962-ல் கொண்டுவந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஹெரால்டின் வயிற்றில் பிறந்த பிள்ளை. எஞ்சின் வம்சம், முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பின்பக்கம் குறுக்கே போகும் ஸ்பிரிங் பட்டை எல்லாம் இதிலிருந்து அதற்குப் போனவை. அதனால் நான் தயங்காமல் ஸ்போர்ட்ஸ் கார் என்றே சொல்வேன்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதினார். 1978-ல் தோட்டத்து முதலாளியிடமிருந்து இதை வாங்கினார். 2003-ல் கண் பார்வை மங்கியதும் சாவியை ஆணியில் மாட்டினார். 2009-ல் அவரும் போய்விட்டார். சேலம் கோரிமேட்டில் எங்கள் வீட்டு ஷெட்டில் வண்டி அப்படியே நின்றது. 2021 ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது ஒரு நாள் பானட்டைத் தூக்கினேன். ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சினைத் தொடலாம். சின்ன வயதில் அப்பாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்த இடம் அது. அங்கே உட்கார்ந்தபோதுதான் முடிவு செய்தேன்.

முதல் நன்றி எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு. ஹெரால்டுக்கு அடியில் சேஸிஸ் என்ற தனிச் சட்டம் உண்டு. அதன் மேல் பாடி துண்டு துண்டாகப் போல்ட்டில் நிற்கிறது. கூரையைக்கூடத் தனியாகக் கழற்றிவிடலாம். வீட்டு ஷெட்டில் இந்த வேலையை நினைத்துப் பார்க்க முடிந்ததே அதனால்தான். பின் பாடியை எட்டுப் பேரும் ஒரே மூச்சில் தூக்கி, பழைய லாரி டயர்களின் மேல் இறக்கி வைத்தீர்கள். ஒரு கீறல் விழவில்லை. மறுபடி ஏற்றி வைத்தபோது உங்களில் இரண்டு பேருக்கு மீசை வந்திருந்தது.

அப்புறம், பெரியவருக்கு. ஏற்காட்டுத் தோட்டங்களின் ஜீப்புகளையும் கார்களையும் ஒரு காலத்தில் பார்த்துக்கொண்டவர், அப்பாவின் சிநேகிதர், இப்போது கன்னங்குறிச்சியில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் போய்ச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். வந்தவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. நேராக முன் சக்கரத்துக்குக் கீழே குனிந்தார்.

"பாப்பா, இதுல யாரோ கிரீஸ் அடிச்சிருக்காங்க."

அடித்தது உண்மைதான். பல வருடம் முன்பு வேறொரு பட்டறையில் சர்வீஸ் விட்டபோது நடந்தது. அதில் என்ன தவறு என்று எனக்குப் புரியவில்லை. அவர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். ஹெரால்டில் முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கிறது. அது ட்ரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரை போகாது. உள்ளே தண்ணீர் தங்கித் துரு ஏறும், ஒரு நாள் தண்டு மரையோடு முறியும். முறிந்தால் சக்கரம் அப்படியே மடிந்துகொள்ளும். எங்கள் வண்டியில் இடப்பக்கத் தண்டைத் துடைத்துப் பார்த்தபோது மரையின் மேல் பகுதியில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது.

ஐயா, அந்த விரிசலோடு நான் அம்மாவை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருப்பேன். இதற்கு மேல் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது வருடத்துக்கு இரண்டு முறை ஆயில் விடுகிறேன். ஷெட் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

புதுத் தண்டுகள் வந்த கதை தனி. இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஊருக்கு வரும்போது, ஸ்பிட்ஃபயருக்குரிய முன் டிஸ்க் பிரேக் செட்டைத் தண்டு, ட்ரனியனோடு வாங்கி இரண்டு பெட்டிகளில் பிரித்துக் கொண்டுவந்தாள். ட்ரையம்ப் கார்கள் பிறந்த ஊரே கோவென்ட்ரிதான். பெட்டியில் எடை மிச்சமில்லாததால் தன் துணிமணிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தாளாம். அதை அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணு, பத்தாம் வகுப்பில் உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு இவ்வளவு பெரிய பதில் நான் எதிர்பார்க்கவில்லை.

எஞ்சின் விஷயத்தில் ஒரு கசப்பும் உண்டு. முதலில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பதினான்கு மாதம் மூலையில் கிடந்தது. திரும்பி வந்தபோது கார்புரேட்டரைக் காணோம், எஞ்சினின் மேல் பாகமான ஹெட் கோணிப்பையில் இருந்தது. அன்று இரவு சாப்பிட முடியவில்லை. வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலை செவ்வாய்ப்பேட்டை லேத் மாமா தானே ஆட்டோ பிடித்து வந்து எஞ்சினை ஏற்றிக்கொண்டு போனார். "அம்மிணி, இது சின்ன எஞ்சின்தான். பயப்படாதீங்க" என்றார். 948 சிசி, நான்கு சிலிண்டர். ஓவர்சைஸ் பிஸ்டன்களைச் சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கித் தேடிப் பிடித்தவர் அவருடைய மகன். பழைய கார்புரேட்டர் ஒன்றும் அதே நடையில் கிடைத்தது.

மாமா செய்த இன்னொரு வேலை வெளியே தெரியாது. இந்த எஞ்சின் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் தேயாமல் காத்தது. நம் நாட்டில் 2000-க்குப் பிறகு ஈயப் பெட்ரோல் இல்லை. அதனால் எக்ஸாஸ்ட் வால்வுகளின் கீழே கடினமான எஃகு வளையங்களை இறக்கிக் கொடுத்தார். இப்போதைய பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் வருகிறது, அது பழைய ரப்பரைத் தின்றுவிடும் என்று சொல்லி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் மாற்ற வைத்ததும் அவர்தான். ஸ்பிட்ஃபயரின் பெரிய எஞ்சினை வைத்துவிடலாமே என்று பலர் ஆசை காட்டினார்கள். நான் ஒப்பவில்லை. எஞ்சின், சட்டம், பாடி மூன்றும் அப்பா ஓட்டியபடியே இருக்க வேண்டும், புதிதாகச் சேர்ப்பது எதுவானாலும் போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிட வேண்டும் என்பது என் கணக்கு. 2021-ல் வந்த விண்டேஜ் வண்டி விதியும் விண்டேஜாகப் பதிவு செய்யும் ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளில் இந்த மூன்றையும் மாற்றக் கூடாது என்றே சொல்கிறது. அப்படிப் பதிவு செய்தால் தினசரி ஓட்ட முடியாது என்பதால், நான் பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டேன்.

லாரிப் பட்டை அடிக்கும் கொண்டலாம்பட்டி அண்ணனுக்கும் பெரியவருக்கும் நடந்த வாக்குவாதத்தை நான் மறக்கவே மாட்டேன். பின் பட்டை தளர்ந்திருந்தது. அண்ணன் அதை உலையில் காய்ச்சி, லாரிக்குச் செய்வதுபோல நன்றாக வளைத்து உயர்த்திவிட்டார். பெரியவர் பார்த்ததும் "கூடாது" என்றார். ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊஞ்சல் போல ஆடும். பின்பக்கம் உயர்ந்தால் சக்கரம் கீழே மடங்கப் பார்க்கும். வேகமாக வளைவில் நுழைந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி பிடி இழந்து சுற்றிவிடும். ஸ்பிட்ஃபயரிலேயே 1970-ல்தான் வேறு மாதிரிப் பட்டை வைத்து இதைச் சரிசெய்தார்கள். அண்ணன் முப்பது வருடம் பட்டை அடித்தவர். எடை ஏறினால் பட்டை இறங்கும், அதற்கு இடம் விட வேண்டும் என்று அவர் சொன்னதும் சரிதான். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். சீட்டுகளில் அரிசி மூட்டைகளை ஏற்றி, சக்கரங்களின் மேல் விளிம்பு கொஞ்சம் உள்பக்கம் சாயும் வரை பட்டையை மூன்று முறை கழற்றித் திரும்பக் காய்ச்சினார் அண்ணன். மூன்றாவது முறைக்குக் கூலி வாங்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தம்பிக்கு ஒரு தனி வணக்கம். பானட்டில் இருந்த 'ஹெரால்டு' எழுத்துகளில் ஒன்று உடைந்துபோயிருந்தது. பற்றாசு வைத்து ஊதி ஒட்டித் தருவீர்களா என்று கொண்டுபோனேன். கையில் வாங்கி எடை பார்த்ததுமே "இது துத்தநாகம்ங்க்கா, ஊதினா உருகி ஓடிரும்" என்றீர்கள். ஒரு வாரம் கழித்து முழுப் பெயரையும் பித்தளையில் இழைத்துக் கொடுத்தீர்கள். பழையதின் வளைவு ஒன்றுகூட மாறவில்லை. குரோம் பூசிய பிறகு எது பழையது, எது புதிது என்று அம்மாவாலேயே சொல்ல முடியவில்லை.

துருப்பிடித்த சட்டக் கைகளை அளவெடுத்துப் புதிதாக வெல்டிங் செய்த சங்ககிரி பாடிப் பட்டறைக்காரர், கண்ணாடி ரப்பருக்கு அடியில் ஒளிந்திருந்த வெளிர் நீலத்தைக் கண்டுபிடித்து அதே நிறத்தில் பெயின்ட் அடித்தவர், டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் வைத்து பேட்டரியில் வண்டி உடலோடு சேரும் முனையை பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு மாற்றிய சூரமங்கலம் எலக்ட்ரீஷியன், ஞாயிறுகளில்கூட கிரைண்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் என் நன்றி. சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இரவில் டார்ச் பிடித்த என் வீட்டுக்காரருக்கும்தான்.

குகை குஷன் கடை பாய் செய்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். டிரைவர் சீட்டைப் பிரித்தபோது பஞ்சுக்கு அடியில் மடித்து வைத்த காப்பிச் சாக்கு ஒன்று இருந்தது. வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போட்டிருப்பார்கள். பாய் எனக்குப் போன் செய்தார். "இதை யாரோ வேணும்னே வச்சிருக்காங்கம்மா. ஓட்டினவர் குள்ளமா?" என்று கேட்டார். அப்பா ஐந்தடி மூன்று அங்குலம். நானும் அதே உயரம். அந்தச் சாக்கை வெயிலில் காயவைத்து, மெல்லிய துணியில் உறையிட்டு, புது ரெக்சினுக்கு அடியில் அதே இடத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். இப்போது நான் உட்கார்ந்தால் பானட் முனை சரியாகத் தெரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூரையைக் கழற்றிவிட்டுத்தான் கிளம்பினோம். அடிவாரத்தில் பெரியவர் மோட்டார் சைக்கிளில் மகனோடு காத்திருந்தார். கியர் பற்கள் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியரில் இல்லாததால் கிளச்சை இரண்டு முறை மிதித்துப் போடும் பழக்கத்தை அவர்தான் ஒரு மாதம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கிட்டத்தட்ட 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி இது. பேருந்துகள் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும் வளைவுகளில் உள்ளோரமாகவே சுற்றி ஏறியது. ஒரு வளைவில் எதிரே இறங்கி வந்த பேருந்து ஓட்டுநர் மேலேயே நிறுத்தி வழிவிட்டு, கை தூக்கிக் காட்டினார். அவர் யாரென்று தெரியாது. அவருக்கும் நன்றி.

சில்வர் ஓக் மரங்களும் மூட்டமும் தொடங்கிய இடத்தில் அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "உங்கப்பா இந்த இடத்துல ஒரு ஹாரன் அடிப்பாரு" என்றார். அடித்தேன்.

வருகிற ஞாயிறிலிருந்து வாரம் ஒரு முறை காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்கிறேன். என்னைத் தவிர மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. முதல் வாரம் பெரியவர், லேத் மாமா, பட்டை அண்ணன். அடுத்த வாரம் பாய், கொலுசுத் தம்பி, எலக்ட்ரீஷியன். தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரும் மூன்று வாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். மேலே குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். டிபன் நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
கோரிமேட்டுக் கணக்கு டீச்சர்